மேய்ந்தால்தான் புல்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் போட்ட முதல் உத்தரவு, இனிமேல் கொறங்காட்டுக்குள் ஆடு இறங்கக் கூடாது என்பது. காட்டுயிரியல் படித்துவிட்டு, புலிக் காப்பகங்களில் நான்கு வருடம் கேமரா கட்டித் திரிந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஆடு மாடு உள்ளே வந்தால் காடு கெடும். எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

நிலம் காங்கேயத்துக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிறது. 58 ஏக்கர், முழுக்க ஒரே குடும்பத்தின் பட்டா. அவர்கள் ஊரை விட்டுப் போய் இருபது வருடமாகிறது. விற்க மனசில்லை, பண்ணையம் பார்க்க ஆளில்லை. முயலும் நரியும் கௌதாரியும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், செலவுக்கான காசு மட்டும் நிலத்திலிருந்தே வரவேண்டும் என்று சொல்லித்தான் என்னை வைத்தார்கள். அந்தப் பின்பாதியை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கொறங்காடு என்பதற்குப் பெயரில்தான் காடு. உண்மையில் அது மேய்ச்சல் நிலம், அதுவும் ஊர்ப் பொதுவில் இல்லாத தனியார் மேய்ச்சல் நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற வறண்ட பூமி இது. தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. அந்த வேலியாலேயே நிலத்தை நாலைந்து ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்றாக மேய்ப்பார்கள். காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்தப் புல்லைத் தின்றுதான் வளர்ந்தன.

சரி, ஆட்டை நிறுத்தியாயிற்று. ஐப்பசி மழைக்குப் புல் முழங்காலுக்கு மேல் எழும்பியது. காற்றில் அது அலையடிப்பதைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். அவரும் மகிழ்ந்துபோனார். தை பிறந்ததும் எல்லாம் வைக்கோல் நிறத்துக்கு மாறிச் சாய்ந்தது. மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் ரோட்டோரமாக யாரோ வீசிய பீடியில் பற்றிக்கொண்டது. 11 ஏக்கர் போயிற்று, கூடவே வேலியும் ஒரு பக்கம் முழுக்கக் கருகியது. ஒரு முள்ளெலியின் கருகிய உடம்பைச் சாம்பலுக்குள் பார்த்த பிறகு அந்தப் படங்களை நான் திறந்து பார்க்கவே இல்லை.

அதைவிடவும் என்னைக் குடைந்தது வேறொன்று. நான் சேர்ந்த சித்திரையில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி ஏழு ஜோடி எண்ணியிருந்தேன். அடுத்த சித்திரையில் ஒரே ஒரு ஜோடி. அந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், கல்லும் மண்ணுமான தரையில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும். எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதால் உயரப் புல் அதற்கு ஆகாது. நான் காப்பாற்றியதாக நினைத்த புல்தான் அதை விரட்டியிருக்கிறது.

போதாக்குறைக்கு, புல்லின் மறைவில் சீமைக்கருவேலங் கன்றுகள் இடுப்பளவுக்கு வந்திருந்தன. விதை ஆட்டுப் புழுக்கை வழியாகத்தான் வருகிறது, அதில் ஆட்டின் மேல் நான் சொன்ன குற்றம் சரிதான். ஆனால் ஆட்டுக்குப் பின்னால் நடந்து வருகிற மனிதர், கையிலிருக்கும் கொத்தால் கன்றுகளை வேரோடு பேர்த்துப் போட்டுக்கொண்டே போவார் என்பது எனக்குத் தெரியாது. ஆட்டை நிறுத்தியபோது அவரையும் நிறுத்திவிட்டேன்.

அவரைத் தேடிப் போனேன். எழுபதை நெருங்கும் வயது. பட்டியில் குட்டிகளைக் கூடைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேஞ்சாத்தானுங்க தம்பி அது புல்லு. மேயாம உட்டா கூளம்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு மோர் கிடைத்தது.

அதன் பிறகு நிலத்தை இரண்டு பேருமாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். மழை விழுந்ததும் எல்லாத் துண்டுகளையும் சாத்திவிடுவோம். புல் பூத்து விதை உதிர்ந்த பிறகுதான் படலைத் திறப்பது. எத்தனை ஆடு, எத்தனை நாள் என்பதை நான் ஆரம்பத்தில் எக்செல்லில் போட்டேன். அவர் காலால் புல்லின் தூரை அழுத்திப் பார்த்துச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போன சந்தர்ப்பங்கள் உண்டு. ஒத்துப்போகாதபோது அவர் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருந்தது. வருடம் ஒரு துண்டு மட்டும் மேயாமல் கிடக்கும், கௌதாரிக்கும் காடைக்கும் அந்த மறைவு வேண்டும். சாலையோரத் துண்டைப் பங்குனிக்குள் ஒட்ட மேய்த்துவிடுவோம். தீயும் தாண்டாது, ஆள்காட்டிக்கும் வெட்டவெளி கிடைக்கும்.

போன வருடம் அந்தத் துண்டில் ஒரு காலை. ஆடுகள் பரவிப் போய்க்கொண்டிருந்தன. பெரியவர் திடீரென்று நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். மந்தை இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு கட்டில் அளவு இடத்தை விட்டுவிட்டு நடந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கைகாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது. கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நான்கு முட்டை, சாம்பல் மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு. நாங்கள் நகர்ந்து வெள்வேல நிழலில் உட்கார்ந்ததும் தாய்ப் பறவை ஓடி வந்தது. வயிற்று இறகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அப்படியே முட்டைமேல் அமர்ந்தது. வெயில் காலத்தில் அது முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காருவதில்லை, குளிர்விக்க உட்காருகிறது. பாடத்தில் படித்ததுதான். தண்ணீர் எங்கிருந்து என்றால், எங்கள் ஆட்டுத் தொட்டியிலிருந்து.

அந்தத் தொட்டிக்கும் ஒரு கதை உண்டு. செங்குத்தான சிமெண்ட் தொட்டி. வாரம் ஒரு அணிலோ தவிட்டுக்குருவியோ விழுந்து செத்து மிதக்கும். உள்ளே ஒரு மூலையில் கல்லை அடுக்கிப் படி மாதிரி வைத்ததோடு அது நின்றது. நான் இங்கே செய்த வேலைகளிலேயே செலவில்லாததும் உடனே பலன் தந்ததும் அதுதான்.

எல்லாமே இப்படிச் சுலபமாக முடிவதில்லை. நாய்த் தொல்லைக்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இந்தப் பக்கம் பட்டிக்குள் புகுந்து தெருநாய்கள் ஆட்டைக் கடித்துக் கொல்வதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் ரோட்டில் உட்காருவதும் தெரிந்த கதை. பெரியவருக்கும் ஒரே ராத்திரியில் ஒன்பது உருப்படி போயின. அதே நாய்கள்தான் முயலையும் நரிக்குட்டியையும் துரத்துகின்றன. கம்பி வலை அடித்துவிடலாம் என்றார் உரிமையாளர். அடித்தால் நாய் நிற்கலாம், ஆனால் முயலும் உடும்பும் நரியும் போகவர வழியில்லாமல் நிலம் ஒரு கூண்டாகிவிடும். கடைசியில் ராத்திரிப் பட்டிக்கு மட்டும் வலை, வெளி எல்லைக்குக் கிளுவையே என்று முடிவானது. முழு மனசோடு எடுத்த முடிவென்று சொல்ல மாட்டேன்.

நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதாவது உண்டா என்று உரிமையாளர் ஒருமுறை கேட்டார். உண்டு. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம், தனி ஆளோ ஒரு சமூகமோ தானாக முன்வந்தால் அவர்களுடைய நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க வழி செய்கிறது. பிரிவு 36சி. அறிவித்த பிறகு, நிலத்தின் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். இதைப் படித்துக் காட்டியதும் போனில் மறுமுனை அமைதியாகிவிட்டது. "என் பேரன் காலத்தில் அவனுக்கு ஒரு அவசரம் வந்தால்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேய்ச்சல் குத்தகையும் வெள்வேலங்காயும் சேர்ந்து காவல் கூலிக்கும் வேலி வேலைக்கும் என் சம்பளத்தில் பாதிக்கும்தான் வருகிறது. மீதியை அவர் தன் கையிலிருந்து போடுகிறார். இதற்கிடையில் சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கும் புரோக்கர் மாதம் ஒருமுறை வந்து, சும்மா கிடக்கிற பூமிதானே என்று ஆரம்பிப்பார்.

பக்கத்து 30 ஏக்கர் அப்படித்தான் போனது. வைகாசியில் ஜேசிபி வந்து, அந்த நிலத்துக்குள் இருந்த கிளுவை வேலிகளை இரண்டே நாளில் பிடுங்கிக் குவித்தது. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் டிரைவரிடம் போய் ஏதோ பேசினார். சாயங்காலம் டிராக்டரோடு வந்தார். "முள்ளுன்னு பாக்காதீங்க தம்பி, இதெல்லாம் உசுரு இருக்கற கட்டை" என்று சொல்லி ஏற்ற ஆரம்பித்தார். மூன்று நடை அடித்தோம். என் முழங்கையில் இன்னும் அந்த முள் கீறல் இருக்கிறது.

தீயில் கருகிய பக்கம் நெடுக வாய்க்கால் பறித்து, ஆடி மழைக்கு முன்னால் அத்தனையையும் நட்டோம். நேற்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் துளிர் விட்டிருக்கிறது. இடையிடையே காய்ந்த கட்டைகளை மாற்ற வேண்டும்.