கபரகொய்யாவும் கொட்டலசும்: கொழும்பில் ஒரே நாள்

மூன்றாம் வருடம் விலங்கியல் படிக்கிறேன். வெவ்வேறு வாழிடங்களில் விலங்குகளைக் கணக்கெடுத்து சூழலியல் பாடத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்காக என் தோழியும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினோம். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று பட்ச்சில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏசி பஸ் என்று ஆளுக்கு 2800 ரூபாய் வாங்கினார்கள். வவுனியா வர முன்னமே ஏசி நின்றுவிட்டது. கண்ணாடிகள் திறக்க முடியாதவை. என் இருக்கை பின்னால் சாய்ந்தது சாய்ந்ததுதான், நிமிரவே இல்லை. பின்னாலிருந்த அம்மா விடியும்வரை முழங்காலை மடக்கிக்கொண்டே வந்தார். நடத்துனரிடம் சொன்னால், "கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி, கொழும்பு வந்திடும்" என்றார். அந்த 2800 ரூபாயில் நான் விடுதியில் நாலு நாள் சாப்பிடுவேன். இரவில் போகிறவர்கள் தயவுசெய்து ரயிலில் இடம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

தங்கியது வெள்ளவத்தையில், தோழியின் சித்தி வீட்டில். அதனால் அறை வாடகை பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முகம் கழுவிவிட்டு நேரே ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கம், பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம்.

மரப்பலகை நடைபாதையில் பத்து அடி வைப்பதற்குள் பஸ் மறந்துவிட்டது. நீலத் தாழைக்கோழி ஒன்று எங்கள் இருப்பைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் புல் தண்டைக் காலால் பிடித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால் மிதக்கும் இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி. ஒரு பெண் பறவை பல ஆண்களோடு சேரும், அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை என்று விரிவுரையில் படித்திருக்கிறேன். அந்த நீண்ட விரல்களால் எடையைப் பரப்பி, இலை தாழாமல் அது நடப்பதை நேரில் பார்த்தபோதுதான் தகவமைப்பு என்ற சொல் எனக்கு உறைத்தது.

பூங்கா ஊழியர் ஒருவர் எங்கள் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, சேற்றில் ஒரு கால்தடத்தைக் காட்டினார். மீன்பிடிப் பூனை! அதன் நகங்கள் முழுவதுமாக உள்ளே இழுபடாது, அதனால் தடத்தில் நகக்குறி விழலாம் என்று விளக்கினார். தலைநகரின் வீடுகளுக்கு நடுவே, உலகளவில் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியதாக வகைப்படுத்தப்பட்ட ஒரு காட்டுப்பூனை இரவில் மீன் பிடிக்கிறது. பூனையை நாங்கள் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தத் தடத்தின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கும்போது என் கை நடுங்கியது.

2018இல், ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அது வெறும் பெருமைக்கான பெயர் இல்லை. 2010 நவம்பர் மழையில் பக்கத்திலுள்ள பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மழை நீரைத் தாங்கி வைத்து மெதுவாக விடுவது இந்தச் சதுப்புத்தான். அதில் மண் கொட்டி நிரப்புவது எனக்கு மன்னிக்க முடியாத காரியமாகத் தெரிகிறது.

சரி, திரும்பிவந்த ஓட்டோ. நாங்கள் கதைப்பதைக் கேட்டதும், "யாழ்ப்பாணமோ தங்கச்சி?" என்று அன்பாகத்தான் ஆரம்பித்தார். மீட்டர் பழுது, நியாயமாக வாங்குகிறேன் என்றார். வெள்ளவத்தையில் இறங்கியதும் 2000 கேட்டார். சித்தி அதே தூரத்துக்கு 900 கொடுப்பவர். வாதாடி 1500 கொடுத்தோம். ஊர் பெயர் சொல்லிப் பழகிவிட்டு ஏமாற்றியதுதான் காசைவிட அதிகமாக நொந்தது. ஏறும் முன்பே விலை பேசுங்கள். காலி வீதியில் எங்கே போவதானாலும் 100, 101 ஆம் இலக்க பஸ்களே போதும்.

அந்த நோவைத் தீர்த்தது மத்தியானச் சாப்பாடு. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னக் கடை. குத்தரிசிச் சோறு, கணவாய்க் கறி, முருங்கைக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், சொதி. ஆளுக்கு 650 ரூபாய், சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போட்டார்கள். இந்தப் பயணத்தில் மனதார எடுத்துக் கொடுத்த காசு அது ஒன்றுதான். கணவாயும் அன்று மாலை நாங்கள் எண்ணப்போகும் நத்தைகளும் ஒரே மெல்லுடலிக் கணம் என்று தோழி சொல்ல, அந்த மேசையிலேயே பாதிப் பாடம் மீட்டிவிட்டோம்.

கடைக்கார ஐயா சொல்லித்தான் வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போனோம். கோட்டைச் சதுப்பின் நீர் கால்வாய் வலையின் வழியே வந்து இங்கே கடலில் சேர்கிறது. கரையில் ஒன்றரை மீட்டராவது இருக்கும் ஒரு கபரகொய்யா (நீருடும்பு) வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் உடும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் வித்தியாசம் தெரியவில்லை. மூக்குத் துவாரத்தைப் பாருங்கள்: உடும்புக்கு அது கண்ணுக்கும் மூஞ்சி நுனிக்கும் இடையில் பிளவுபோல இருக்கும். கபரகொய்யாவுக்கு நுனிக்குக் கிட்ட, வட்டமாக இருக்கும். நீந்தும்போது மேலே எட்டிப்பார்க்க அது தோதாகத்தான் இருக்கும். சட்டென்று நீரில் இறங்கி, கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு வாலால் மட்டும் தள்ளிப் போனது. அழுக்குக் கால்வாய் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

பிற்பகல் வற்று நேரம். ரயில் பாதைக்கு அப்பால் கரைப் பாறைகள். (ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள்.) இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஸ்கொட்லாந்துக் கரையில் ஆள் உயரத்துக்குமேல் விரியும் உயிர்ப் பட்டைகள் (உயரத்துக்கேற்ப வெவ்வேறு உயிர்கள் வாழும் அடுக்குகள்) இங்கே முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மேலே, அலைத் தெறிப்பு மட்டும் படும் இடத்தில் மிளகளவு நத்தைகள். அதன் கீழே கொட்டலசு (barnacle, பாறையில் ஒட்டியே வாழும் ஓடுள்ள சிறு உயிர்), பாறையோடு ஒட்டிய லிம்பெட்டுகள் என்ற கூம்பு ஓட்டு நத்தைகள். இன்னும் கீழே பாசி, பள்ளங்களில் கடல் முள்ளெலிகள். மேல் எல்லையைத் தீர்மானிப்பது வறட்சி, கீழ் எல்லையைத் தீர்மானிப்பது மற்ற உயிர்களின் போட்டி என்று சூழலியலாளர் ஜோசப் கொனல் 1961இல் ஸ்கொட்லாந்தின் மில்போர்ட் கரையின் கொட்டலசுகளை வைத்துக் காட்டியதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேன். இப்போது அந்தக் கோடு என் விரலடியில் இருந்தது.

25 சென்ரிமீட்டர் சதுரச் சட்டத்தைப் பாறையில் வைத்து வைத்து, அதற்குள் இருந்த உயிர்களை எண்ணினோம். ஒன்பதாவது சட்டத்தில் இருட்டிவிட்டது, பத்தாவதைக் கைப்பேசி வெளிச்சத்தில் முடித்தோம். தென்மேற்குப் பருவக்காற்றில் அலை உயரமாக அடிக்கும்போது அந்த நத்தைப் பட்டை இன்னும் மேலே ஏறுமா என்று பார்க்க வேண்டும். பாறையில் எங்கள் தொடக்கப் புள்ளியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். செப்டெம்பரில் அலை கொஞ்சம் தணிந்ததும் அதே இடத்துக்குப் போகிறோம், இந்த முறை ரயிலில். யாராவது கூட வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், சித்தி வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.