கறுப்பு மோண்டோ புல்: தூர் பிரித்துப் பாத்தி போடுவது

பெயரில் புல் இருந்தாலும் கறுப்பு மோண்டோ நிஜப் புல் அல்ல, கறுப்பு இலைக்காக வளர்க்கும் அலங்காரச் செடி. லண்டன் பக்கம் இதன் தூரைப் பிரிக்க ஏப்ரல்தான் ஏற்ற மாதம். மண்ணில் குளிர் விட்டிருக்கும், புதுக் குருத்தும் கிளம்பியிருக்கும். நர்சரியில் ‘நிக்ரெசென்ஸ்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் மோண்டோ என்றால் பச்சை வகை கைக்கு வந்துவிடும். சின்னத் தொட்டிகளாகப் பத்து வாங்குவதைவிட, விளிம்புவரை தூர் கட்டிய இரண்டு லிட்டர் தொட்டி இரண்டு மூன்று வாங்கிப் பிரிப்பதே லாபம்.

முதல் நாளே தொட்டியை நன்றாக நனைத்து வைக்க வேண்டும். மறுநாள் செடியைக் கவிழ்த்தெடுத்து வாளித் தண்ணீரில் அலசினால், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வேர்களில் ஆங்காங்கே நிலக்கடலைப் பருப்பு போன்ற வீக்கம் இருக்கும். நோயோ என்று கிள்ளி எறிய வேண்டாம், அது செடியின் சேமிப்பு. தூர்களை இணைக்கும் ஓடுதண்டைக் கூரான கத்தியால் வெட்டுங்கள். கையால் பிய்த்தால் அடிக்கட்டை கிழிந்து, அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் வேரோடு மூன்று நான்கு குருத்தாவது இருக்கட்டும். ஒற்றைக் குருத்தும் பிழைக்கும், ஆனால் அந்த வருஷம் முழுக்க நட்டது நட்டபடியே நிற்கும்.

லண்டன் களிமண்ணில் அப்படியே நட்டால் குளிர்காலத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். 20 செ.மீ. ஆழம் கொத்தி, மூன்றில் ஒரு பங்கு இலைமக்கும் கொஞ்சம் பருமணலும் கலந்துகொள்ளுங்கள். குருத்தடி மண் மட்டத்தில் நிற்க வேண்டும், புதையக் கூடாது. 20 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 25 துண்டு பிடிக்கும். இடைவெளி மூட இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை களை எடுப்பதுதான் பெரிய வேலை. தூருக்குள் நிஜப் புல் ஒன்று முளைத்துவிட்டால் செடியைத் தோண்டித்தான் பிரிக்க வேண்டியிருக்கும். மேலே வெளிர் நிறச் சரளை பரப்பினால் களையும் குறையும், செடியும் எடுப்பாகத் தெரியும். கறுப்பு மண்ணில் கறுப்பு இலையை யார் பார்க்கப்போகிறார்கள்?

இலை நுனி காய்கிறது என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். லேசான அமில மண்ணைக் கேட்கும் செடி இது. லண்டன் குழாய்த் தண்ணீரோ சுண்ணாம்பு மிகுந்தது. தொட்டிச் செடிக்கு மழைநீர்ப் பீப்பாயே கதி. கோடையில் தொட்டி முழுக்கக் காய்ந்தாலும் இதே நுனிக் கருகல் வரும்.

‘பச்சையாகிவிட்டது’ என்ற புகாருக்குக் காரணம் பல. புது இலையின் அடி பச்சையாக வந்து பிறகு கறுப்பது இயல்பு. நாள் முழுக்க நிழல் என்றால் கறுப்பு மங்கும். சில மணி நேர வெயிலாவது தேவை. மூன்றாவது, உதிர்ந்த பழத்தில் முளைத்த கன்று. விதைக்கன்று எல்லாம் தாய் போலக் கறுக்காது, பச்சையானதைப் பிடுங்கிவிடுங்கள். விதை போட்டே தீருவேன் என்பவர்கள், பழச்சதையைத் துப்புரவாகக் கழுவிவிட்டு இலையுதிர்காலத்திலேயே விதைக்க வேண்டும். சதை ஒட்டியிருந்தால் முளைப்பு தடைப்படும்.

கத்தரியால் மொட்டை அடிக்காதீர்கள். வளர்ச்சி மந்தமான செடி, பழைய உருவுக்கு வர வெகுநாளாகும். பிப்ரவரி கடைசியில் காய்ந்த இலைகளை மட்டும் விரலால் கோதி எடுத்தால் போதும். வசந்தத்தில் ஓடில்லா நத்தைகள் இளங்குருத்தைக் கடிக்கும். இருட்டியபின் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே எளிது.

இடைவெளிகளில் ஸ்னோட்ராப் கிழங்கு வைப்பவர்கள் உண்டு. கறுப்பின் மேல் வெள்ளைப் பூ அழகுதான். ஆனால் பூ முடிந்ததும் அதன் இலைகள் மோண்டோ மேல் சரிந்து கிடக்கும். மஞ்சளித்ததும் அவற்றை எடுத்துவிடுங்கள்.