பெரிய பிட் போட்டு பேட்டரி டிரில்லை அளந்து பார்த்தது

டிரில் டப்பால 'மேக்ஸ் டார்க் 55 நியூட்டன் மீட்டர்'னு போட்டிருப்பான்ல, அது சக் (துளை போடற பிட்டைப் பிடிச்சுக்கற வாய்) நின்னே போற நிலைமைல வர்ற டார்க், அதாவது திருகற விசை. பக்கத்துலயே இருக்க 1700 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) சும்மா காத்துல சுத்தும்போது வர்றது. ரெண்டும் ஒரே நேரத்துல வரவே வராது, அதனால ரெண்டையும் சேர்த்துப் படிச்சு ஒண்ணும் புரியப்போறதில்ல, மரத்துக்குள்ள பிட் இறங்கினப்புறம் எத்தனை சுத்து மிஞ்சுதுங்கிறதுதான் விஷயம்.

ஒர்க்பெஞ்ச் ஒண்ணு செய்யறேன், மேல் பலகைக்கு இடிச்ச வீட்டுல இருந்து வந்த தேக்கு உத்தரம், 75 எம்எம் கனம், நல்லா காஞ்சு இறுகிப்போனது. இதுல வரிசையா 20 எம்எம் ஓட்டையும், வைஸ் (மரத்தை இறுக்கிப் பிடிக்கற கருவி) ஸ்குரூவுக்கு 32ம் போடணும். சரி, போடற ஓட்டையிலயே டிரில்லையும் அளந்துடலாம்னு உட்கார்ந்தேன்.

ஆகர் பிட்டோட (சுருள் சுருளா முறுக்கின மரத்துளை பிட்) மூக்குல ஒரு மரை இருக்குல்ல, அதுதான் பிட்டை உள்ள இழுக்குது, அது வழுக்காத வரைக்கும் ஒரு சுத்துக்கு ஒரு மரை தூரம்தான் இறங்கும். ஸ்கேல் வச்சுப் பார்த்தா என் ரெண்டு பிட்லயும் மரை இடைவெளி 2 எம்எம், அப்ப 50 எம்எம் இறங்க 25 சுத்து. பிட்ல 50 எம்எம்முக்கு டேப் ஒட்டிட்டு, வெட்டுவாய் மரத்தைத் தொட்டதுல இருந்து டேப் வர்ற வரைக்கும் நேரம் பார்த்தா போதும், கணக்கு தானா வந்துடும்.

லோ கியர்ல காத்துல 500 ஓடற டிரில்லு, 20 எம்எம்முக்கு 3.5 செகண்ட், அதாவது 430 ஆர்பிஎம் கிட்ட, சத்தம்கூட பெருசா மாறல. 32 போட்டதும் 6 செகண்ட், 250க்கு இறங்கிடுச்சு, மோட்டார் முக்கற சத்தம் நல்லாவே கேட்டுது. விட்டம் ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேலதான், ஆனா ஒரு சுத்துக்கு சீவி எடுக்கற மரம் விட்டத்தோட வர்க்கத்துல ஏறும், ரெண்டரை மடங்கு வேலை.

அப்புறம்தான் 2 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரியைக் கழட்டிட்டு 4 ஏஎச் போட்டேன், அதே மரம் அதே பிட், 4.5 செகண்ட்! சந்தேகமா இருந்துச்சு, சக்ல ஒயிட்னர் புள்ளி வச்சு ஃபோன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோ எடுத்தேன், 43 ஃப்ரேமுக்கு ஒரு சுத்து, 335 ஆர்பிஎம், ஸ்டாப்வாட்ச் சொன்ன 333க்கு ஒத்துப்போச்சு. காரணம் எளிசுதான், 10 நியூட்டன் மீட்டரை 400 ஆர்பிஎம்ல தள்ளணும்னா 420 வாட், மோட்டார் கியர் நஷ்டம் சேர்த்தா 18 வோல்ட்ல 30 ஆம்பியர் கிட்ட இழுக்கும், சின்ன பேட்டரில ஒத்தை வரிசையா இருக்க 5 செல் அதைத் தனியா சுமக்குது, பெருசுல ரெண்டு வரிசை பங்கு போட்டுக்குது, வோல்டேஜ் அவ்வளவா விழாது. என்னைக் கேட்டா புது டிரில்லுக்கு காசு சேர்க்கறதுக்கு முன்னாடி பெரிய பேட்டரி ஒண்ணு வாங்கிப் பாருங்க.

ஸ்பேட் பிட்டுக்கு (தட்டையா மண்வெட்டி மாதிரி இருக்கறது) இந்தக் கதையெல்லாம் இல்ல. என்கிட்ட இருக்கறது மூக்குல மரை இல்லாத ஜாதி, சுரண்டித்தான் எடுக்கும், லோ கியர்ல போட்டா கடிச்சுக் கடிச்சு ஆடுது, ஹை கியர்ல லேசா அழுத்தினா 25 எம்எம் சுலபமா போகுது. ஆனா ஃபார்ஸ்ட்னர் பிட்டை (அடி தட்டையா குழி போடறது) அந்த ஸ்பீடுக்கு விடாதீங்க, கீலுக்குப் போடற 35 எம்எம் பிட்டோட ஓரம் 1500 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 165 மீட்டர் ஓடும், தேக்கு கருகி வாசனையே வந்துடும்.

32 போடும்போது சைடு கைப்பிடி கட்டாயம். டிரில் படம் இருக்கற இடத்துல கிளட்சை (லோடு கூடினா வழுக்கி விட்டுக்கொடுக்கறது) திருப்பிட்டா நடுவுல விட்டுக்கொடுக்க ஒண்ணுமே இல்ல, பிட் மாட்டுச்சுன்னா திரும்பறது நம்ம மணிக்கட்டுதான். மாட்டி நின்னா ட்ரிகரை உடனே விட்டுடணும், அமுக்கிட்டே இருந்தா மோட்டார் சுருள் வெந்துடும், ரிவர்ஸ்ல வெளிய எடுத்து, சீவலைத் தட்டிட்டு, கொஞ்சம் சும்மா ஓட விட்டா உள்ள இருக்க ஃபேன் சூட்டைத் தணிக்கும்.

20 எம்எம் எல்லாம் முடிஞ்சுது. வைஸுக்கு இன்னொரு 32 பாக்கி, அது மரத்துல கணு இருக்கற பக்கமா வருது, அதனால மூக்கு மரை அங்க பிடிக்குமாங்கிறதுதான் இப்ப கேள்வி.