நாவலுக்காக 1942 ஏப்ரல் கடற்படை விமானங்கள தேடுன அனுபவம்

எனக்கு காட்பாடி. 1942 ஏப்ரல்ல நடக்குற ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், பாதி கதை திருகோணமலை சைனா பே தளத்துல இருக்குற ஒரு ஸ்வோர்ட்ஃபிஷ் (பிரிட்டிஷ் கடற்படையோட ரெட்டை இறக்கை விமானம்) விமானக்காரங்களோடது, மீதி ஜப்பான்காரன் குண்டு போடுவான்ற பயத்துல மெட்ராஸ காலி பண்ணிட்டு ரயிலேறி எங்க ஊர்ப்பக்கம் வந்த ஒரு குடும்பத்தோடது. இந்த மாதிரி எழுத நினைக்கிறவங்களுக்கு உதவட்டும்னு சொல்றேன்.

ஸ்பீடு, எடை எல்லாம் தேடுனா உடனே கிடைச்சிடும். கதைக்கு வேண்டியது அது இல்ல, உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு என்ன கேக்கும், என்ன தெரியும்ன்றதுதான். அதுக்கு அந்தக் காலத்து பைலட்ஸ் நோட்ஸ் (பைலட்டுக்கு குடுத்த கையேடு) மறுபதிப்பு பாருங்க, ரொம்ப உதவும். ஸ்வோர்ட்ஃபிஷ்ல மூணு பேரு, முன்னாடி பைலட், நடுவுல வழிக்கணக்கு போடுற அப்சர்வர், கடைசில வயர்லெஸ்ஸும் துப்பாக்கியும் பாத்துக்கிறவரு. மேல மூடி கிடையாது, காத்து மூஞ்சில அறையும், பேசணும்னா கோஸ்போர்ட் ட்யூப்னு ஒரு குழாய் வழியாதான், அதனால என் வசனமெல்லாம் ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல போகாது. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணவே வெளிய இருந்து கைப்பிடி போட்டு சுத்தணும். இங்க அரக்கோணம் ராஜாளி கடற்படை தளத்துல இருந்து பி-8ஐ (P-8I) ரோந்து விமானம் பறக்குறத கேட்டே பழகிட்டோம் இல்லையா, அந்த ஜெட் சத்தம் காதுல இருந்தா இத எழுத முடியாது, இங்கிலாந்துல ஸ்வோர்ட்ஃபிஷ்ஷ இன்னும் பறக்க வச்சிருக்காங்க, அந்த வீடியோவ ஹெட்போன் போட்டு திரும்பத் திரும்ப கேளுங்க.

கதையோட நடு விஷயம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்ப தாக்க வந்த ஜப்பானோட ஜீரோ சண்டை விமானங்க கண்ணுல, சைனா பேல இருந்து கொழும்பு பக்கம் வந்துட்டிருந்த 788 ஸ்குவாட்ரன் ஸ்வோர்ட்ஃபிஷ் ஆறு மாட்டுச்சு, ஆறையும் சுட்டு வீழ்த்திட்டாங்க. ஸ்வோர்ட்ஃபிஷ் மணிக்கு 220 கிலோமீட்டர் சுமார் போகும், ஜீரோ 500க்கு மேல, எங்க தப்பிக்கிறது. நாலு நாள் கழிச்சு மட்டக்களப்பு பக்கம் ஹெர்ம்ஸ்ன்ற பிரிட்டிஷ் கப்பல ஜப்பான் விமானங்க மூழ்கடிச்சுது, 307 பேர் போய்ட்டாங்க. விமானம் சுமக்கவே கட்டுன கப்பல், அன்னைக்கு அதுல ஒரு விமானம் கூட இல்ல. இத படிச்சிட்டு என்னால ரொம்ப நேரம் எழுதவே முடியல.

ரெண்டு விஷயம் கண்டிப்பா செக் பண்ணுங்க. ஜப்பான் கடற்படை எங்க போனாலும் டோக்கியோ நேரத்துலதான் எழுதுச்சு, அது அப்போதைய இலங்கை நேரத்துக்கு மூணு மணி முன்னாடி, ரெண்டு பக்க ரெக்கார்டையும் சேர்த்துப் படிக்கிறப்ப ஒரே அட்டவணைல மாத்திக்கணும். அப்புறம் கேட் (Kate), வேல் (Val)னு ஜப்பான் விமானங்களுக்கு நேசநாட்டுக்காரங்க வச்ச பேரெல்லாம் அந்த ஏப்ரலுக்கு அப்புறம் வந்தது, கதாபாத்திரம் வாயில வரக்கூடாது. ஜப்பான் ஆவணங்க ஜேகார் (JACAR) இணையதளத்துல இலவசமாவே இருக்கு.

நம்ம பக்கத்துக்கு எழும்பூர் ஆவணக்காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம். ஏப்ரல் 6 விசாகப்பட்டினம், காக்கிநாடால குண்டு விழுந்ததும் மெட்ராஸ்ல கிளம்பின கூட்டத்த பத்தி எங்க தெரு ஆயா அவங்க அம்மா சொன்னத சொன்னாங்க, "பட்ணத்துக்காரங்க மூட்ட முடிச்சோட வந்துக்கினே இருந்தாங்களாம் நைனா, திண்ணைக்கு கூட வாடக கேட்டாங்களாம்". அந்த திண்ணை வாடகை எந்த ஃபைல்லயும் கிடைக்காது. குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா பக்கம் யார் வீட்லயாவது இப்படி பேச்சு இருந்தா இப்பவே கேட்டு ரெக்கார்ட் பண்ணிடுங்க, எனக்கும் சொல்லுங்க, ரயில் அத்தியாயம் இன்னும் எழுதல.