அக்காவுக்கு வந்த 'சர்ஜரி' பில்

போன மாதம் ஒரு நாள் காலையில் பெரியம்மா மகள் நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டாள். "ஏன்டா, நீ இந்த வேலைதானே பாக்குற, எனக்கு எப்படா ஆபரேஷன் நடந்துச்சு? மூக்கு வழியா ஒரு ட்யூப விட்டுப் பாத்தாங்க, மூணு நிமிஷம்கூட ஆகல. இன்சூரன்ஸ் பேப்பர்ல சர்ஜரின்னு போட்டிருக்கு." டீச்சர் வேலை, இரண்டு மாதமாகக் குரல் கம்மிக்கொண்டே போனதால் ஈஎன்டி டாக்டரிடம் போயிருக்கிறாள்.

நான் சென்னையில் எட்டு வருடமாக மெடிக்கல் கோடிங் செய்கிறேன், அதாவது டாக்டர் எழுதிய குறிப்பை (சார்ட் என்போம்) படித்து பில்லுக்கான கோடு எண்களாக மாற்றும் வேலை, அதில் ஐந்து வருடம் ஈஎன்டி சார்ட்தான். அதனால் சொல்கிறேன், சர்ஜரி என்ற அந்த வார்த்தை தப்பில்லை. அமெரிக்காவில் டாக்டர்கள் செய்யும் வேலைக்கு சிபிடி என்று ஒரு கோடு புத்தகம் இருக்கிறது, அதில் குரல்வளையை ஸ்கோப் விட்டுப் பார்ப்பது, வெறுமனே பார்ப்பதாகவே இருந்தாலும், சர்ஜரி பிரிவில்தான் வருகிறது. அக்காவுக்குச் செய்தது 31575, வளையும் ஸ்கோப்பில் நோயறிவதற்காக மட்டும் பார்ப்பது. கத்தி இல்லை, தையல் இல்லை. ஆனால் பல பாலிசிகளில் சர்ஜரி என்றால் கோ-பேயோடு (ஒரு விசிட்டுக்கு நோயாளி கட்டும் குறிப்பிட்ட தொகை) முடியாது, டிடக்டிபிளில் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளியே கட்ட வேண்டிய தொகை) போய் உட்கார்ந்துவிடும், மொத்தத் தொகையும் நோயாளி தலையில். ஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. யாரும் சொல்வதில்லை.

கோடருக்கு இங்கே முக்கியம், எதை வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான். சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தால் 31505 (1854-ல் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் வெயிலையும் கண்ணாடியையும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார், அதே முறைதான்). மயக்க மருந்து கொடுத்து, ஆபரேஷன் தியேட்டரில் நேரடியாகப் பார்த்தால் 31525. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி விளக்கில் குரல் நாண்களின் அதிர்வைப் பார்த்தால் 31579, அப்போது 31575-ஐ அதோடு சேர்த்துப் போடக்கூடாது. வளையும் ஸ்கோப்பிலேயே துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால் 31576 மட்டும்தான். மூக்கில் அடிக்கும் மரத்துப்போகும் ஸ்ப்ரேக்குத் தனி பில் கிடையாது. டாக்டர் வெறுமனே "குரல்வளை பார்த்தேன், நார்மல்" என்று எழுதிவிட்டால் கண்ணாடியா ஸ்கோப்பா என்று நமக்கு எப்படித் தெரியும்? ஊகித்து 31575 போடாதீர்கள், டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்கள், ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.

அப்புறம் மாடிஃபையர் 25, விசிட் கோடோடு ஒட்டும் ஒரு குறி. ஸ்கோப் பார்த்த அதே நாளில் விசிட்டுக்கும் தனியாக பில் போட வேண்டுமென்றால், ஸ்கோப் செய்வதற்கு வழக்கமாகத் தேவைப்படுகிற விசாரிப்பைத் தாண்டி டாக்டர் தனியாக வேலை பார்த்திருக்க வேண்டும், அது சார்ட்டில் தெரிய வேண்டும். அக்காவுக்கு நெஞ்செரிச்சலையும் விசாரித்து மாத்திரை மாற்றியிருந்தார்கள். சரி, 25 நியாயம்தான். இதை எல்லா சார்ட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதுதான் தப்பு, இன்சூரன்ஸிலிருந்து டினையல் (பணம் தர மறுப்பு) வருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை, நோயாளி அந்தப் பணத்தைக் கட்டுகிறார்.

எதற்கும் கோடு விவரத்தோடு பில்லையும் டாக்டர் எழுதிய குறிப்பையும் கேட்டு வாங்கச் சொன்னேன். வந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய்க்கான கோடு இருக்க வேண்டிய இடத்தில் சி32.9. குரல்வளைப் புற்றுநோய்.

டாக்டர் எழுதியிருந்தது வேறு. குரல் நாண்கள் நன்றாக அசைகின்றன, கட்டி எதுவும் இல்லை, குரல் கம்மல், புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்யவே ஸ்கோப். அந்த "இல்லையென்று உறுதிசெய்ய" என்ற வரியிலிருந்து யாரோ புற்றுநோயை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கிளினிக் விசிட்டில் சந்தேகத்தைக் கோடு செய்யக்கூடாது, உறுதியாகாதவரை அறிகுறியைத்தான் போட வேண்டும், இங்கே ஆர்49.0. நோய்களுக்கான கோடு புத்தகமான ஐசிடி 10-இன் விதிகளில் பச்சையாக எழுதியிருக்கிறது, கோடிங் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் துரத்தும்போது கண் ஒரு வார்த்தையைத் தாண்டிப் போகும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஒருத்திக்குப் புற்றுநோய் வந்துவிடுகிறது, இன்சூரன்ஸ் பதிவில் அது அப்படியே நிற்கும்.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு அரை நாள் ஆனது. முதலில் "உனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொன்னேன். பில்லிங் ஆபீசுக்குப் போன் செய்து, இன்சூரன்ஸுக்கு அனுப்பிய பில்லை, அதாவது கிளைமை, திருத்தி அனுப்பச் சொல்லு, சார்ட்டில் நோய்ப் பட்டியலிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லு என்றேன். மூன்று தடவை பேச வேண்டியிருந்தது அவளுக்கு. திருத்திய கிளைம், பழையதற்குப் பதிலாக என்று காட்டும் 7-ஆம் எண்ணோடு போனது.

நேற்று புதுப் பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தொகை அப்படியேதான் இருக்கிறது, சர்ஜரியும் அப்படியே. நோய் என்ற இடத்தில் ஆர்49.0.