டெம்ப்ளேட் ரெஸ்யூமேயை உருப்படியாக்கிய வழி

ஆயத்த டெம்ப்ளேட்டில் செய்த ரெஸ்யூமே: இடப்பக்கம் நீலப் பட்டையில் படம், திறன்களுக்கு நட்சத்திரம், வலப்பக்கம் வேலை அனுபவம். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிடிஎஃப்பை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் வண்டவாளம் தெரிந்துவிடும். தொலைபேசி எண் டிப்ளமா வரிக்கு நடுவே வந்து நிற்கும். விண்ணப்பங்களைப் பிரிக்கும் மென்பொருளும் எழுத்துகளை மட்டுமே எடுப்பதால் இதே குளறுபடிதான்.

டெம்ப்ளேட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். புது வேர்ட் கோப்பு, ஏ4 தாள், நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம். கலிப்ரி 11, தலைப்புக்கு 13, பெயருக்கு 16. வரி இடைவெளி 1.15. தொலைபேசி, மின்னஞ்சலை வேர்டின் ஹெடரில் (பக்கத்தின் மேல் ஓரப் பகுதி) போடாதீர்கள். சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை.

அதிகம் சொதப்புவது தேதிகளில்தான். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வலப்பக்கம் தள்ளியிருப்பார்கள். எழுத்துரு மாறினால் வரிக்கு வரி கோணலாகும். தாளின் அகலம் 21 செ.மீ., இரண்டு ஓரமும் போக 17. வரிகளைத் தேர்ந்தெடுத்து, பேரகிராஃப் பெட்டிக்குள் டேப்ஸ் திறந்து 17 செ.மீ. என்று அடித்து, அலைன்மென்டில் ரைட் தேர்ந்து, செட் அழுத்துங்கள். பிறகு பதவிக்கும் தேதிக்கும் நடுவே ஒரே ஒரு டேப். எல்லாத் தேதியும் ஒரே கோட்டில் நிற்கும்.

சிங்கப்பூரில் கட்டாயமான தேசிய சேவை செய்த இரண்டு ஆண்டுகளையும் தனி வரியாகத் தேதியோடு போடுங்கள். இல்லாவிட்டால் படிப்புக்கும் முதல் வேலைக்கும் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கைந்து புள்ளிகள் போதும், இரண்டு வரிக்கு மேல் போகாமல். "ஸ்டோர் வேலைகளைக் கவனித்தேன்" என்றால் ஒன்றும் புரியாது. "நாளுக்கு 60 டெலிவரி ஆர்டர்களைச் சரிபார்த்துப் பதிவு செய்தேன்" என்றால் கண் அங்கே நிற்கும். எண் உங்களுடைய உண்மையான எண்ணாக இருக்கட்டும், நேர்முகத்தில் கேட்பார்கள்.

படம், இனம், மதம், திருமண விவரம் எல்லாம் இடத்தை அடைப்பவை. அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். சட்டம் கோராதபோதும், ஆளை உறுதியாக அடையாளம் காணும் தேவை இல்லாதபோதும் நிறுவனங்கள் அதைத் திரட்டுவதற்குச் சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு உண்டு.

முடித்ததும் வேர்டிலிருந்தே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். அச்சடித்து ஸ்கேன் செய்தால் அது வெறும் படம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பெயரில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) உள்ளவர்கள் சாய்கோட்டை விட்டுவிடுங்கள், விண்டோஸ் ஏற்காது. பிறகு அதே நோட்பேட் சோதனை இன்னொரு முறை.