புரோட்டான் சிதறலுக்கு ஃபிட் போடும்போது இடறும் இடங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை, இரண்டு லேப்டாப், பைத்தான், வளைவைத் தரவுக்குப் பொருத்தும் (ஃபிட்) மினியூட் நிரல். புரோட்டான் மோதலின் மொத்தக் குறுக்குவெட்டை (மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்; அலகு மில்லிபார்ன்) மாடல் செய்ய இவ்வளவு போதும். நம்மைப் படுத்துவது டேட்டாதான்.

துகள் தரவுகளைத் தொகுக்கும் பி.டி.ஜி. குழுவின் பட்டியலில் பழைய அளவீடுகள் ஆய்வக உந்தத்தில் இருக்கும். அதை அப்படியே மைய ஆற்றல் (நிறை மையச் சட்டகத்தில் மொத்த ஆற்றல்) என்று எடுத்தால் வளைவு முழுக்கக் கோணலாகும். எஸ் = 2எம்² + 2எம்ஈ என்று முதலில் மாற்ற வேண்டும்; எஸ் மைய ஆற்றலின் வர்க்கம், ஈ ஆய்வகத்தில் புரோட்டானின் ஆற்றல், எம் அதன் நிறை, 0.938 ஜிஇவி. மைய ஆற்றல் 5 ஜிஇவிக்குக் கீழே உள்ள புள்ளிகளை வெட்டிவிடுங்கள். உந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 12.4. அதற்குக் கீழே இந்த எளிய வடிவங்கள் பிடிக்காது.

டொன்னாகி, லேண்ட்ஷாஃப் என்ற இயற்பியலாளர்கள் 1992-இல் தந்த வடிவத்தில் முதன்மை உறுப்பு 21.70 மில்லிபார்ன், எஸ்ஸின் அடுக்கு 0.0808. எழுத எளிது, ஆனால் 7 டிஇவியில் (1 டிஇவி = 1000 ஜிஇவி) 91 மில்லிபார்ன்தான் தரும். எல்.எச்.சி. மோதுவியின் டோட்டம் சோதனை அளந்தது 98.6 ± 2.2. அதனால் லாக் வர்க்க வடிவத்துக்குப் போனோம்: 0.272 × லாக்²(எஸ்/16) + 34.4, கூடவே குறைந்த ஆற்றலுக்கான இரண்டு ரெட்ஜி உறுப்புகள் (ஆற்றல் ஏற ஏறத் தேய்பவை). 13 டிஇவியில் இது 105.6 காட்டுகிறது.

அங்கேதான் சிக்கல். அதே 13 டிஇவியில் டோட்டம் 110.6 ± 3.4, எல்.எச்.சி.யின் இன்னொரு சோதனையான அட்லஸ் 104.7 ± 1.1. தனித்தனியே பார்த்தால் வேறுபாடு இரண்டு சிக்மாவை (பிழையின் இரண்டு மடங்கை) தாண்டாது. ஆனால் 7, 8, 13 மூன்றிலும் டோட்டம்தான் மேலே. கண்ணை மூடிக்கொண்டு கைஸ்கொயர் (பிழையால் எடைபோட்ட விலகல்களின் வர்க்கக் கூட்டு) போட்டால், பிழை சிறியது என்பதாலேயே அட்லஸ் வளைவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அளவுத்திருத்த மாறி, அது 1-ஐ விட்டு விலகினால் அபராதம் என்று வைப்பதே நேர்மையான வழி. 1.8 டிஇவி புரோட்டான்–எதிர்ப்புரோட்டான் மோதலில் சிடிஎஃப் சோதனை 80.03, இ811 சோதனை 71.42 என்ற பழைய சண்டைக்கும் இதே மருந்து. சராசரி எடுத்தால் யாரும் அளக்காத ஓர் எண்தான் கையில் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய தவறு, மொத்தத்தையும் மீள்சிதறல் (புரோட்டான்கள் உடையாமல் விலகிப்போவது) வளைவையும் ஒரே ஃபிட்டில் தனித்தனித் தரவாகப் போடுவது. எல்.எச்.சி.யில் மொத்தம் என்பதே மீள்சிதறலை டி = 0 வரை (டி என்பது கைமாறும் உந்தத்தின் வர்க்கம்) நீட்டி, நேர்முன் சிதறலை மொத்தத்தோடு இணைக்கும் ஒளியியல் தேற்றத்தால் எடுத்ததுதான். ஒரே பாலை இரண்டு தடவை அளந்து ஊற்றிய கதை.

சரிபார்க்கச் சுருக்கமான கணக்கு ஒன்று உண்டு. 110.6-இன் வர்க்கத்தை 1.01-ஆல் (மெய்ப்பகுதிக்கான திருத்தம்) பெருக்கி, 16π × 20.4 × 0.3894-ஆல் வகுத்தால் 30.9 மில்லிபார்ன்; 20.4 என்பது டி = 0 அருகே மீள்சிதறல் வளைவின் சரிவு. அளந்த மீள்சிதறல் 31.0 ± 1.7. விடை 12 என்று வந்தால் 0.3894-ஐ மறந்திருக்கிறீர்கள், மில்லிபார்னையும் ஜிஇவியையும் இணைக்கும் எண் அது.

ஐகோனல் மாடலுக்குப் போனால் மோதல் தூரத்தின் (இரு புரோட்டான்களின் பாதைகளுக்கு இடையிலான விலகல்) மேல் தொகையிட வேண்டும். 2 ஃபெர்மியில் (1 ஃபெர்மி = 10⁻¹⁵ மீட்டர்) நிறுத்தினால் மீள்சிதறல் வளைவில் பொய்யான அலைகளும் பள்ளங்களும் முளைக்கும். நாங்கள் 4 வரை போகிறோம். டி மதிப்புகள் மாறுவதில்லை என்பதால் அந்தத் தொகையில் வரும் பெசல் சார்பின் அட்டவணையை ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மீள்சிதறல் வளைவின் உண்மையான பள்ளம் 7 டிஇவியில் டி-யின் அளவு 0.53 ஜிஇவி² ஆகும் இடத்துக்கு அருகே இருக்கிறது. சிதறல் வீச்சின் (சிக்கலெண்) கற்பனைப் பகுதியை மட்டும் வைத்தால் அது சுழி வரை இறங்கிவிடும். எஸ்ஸுக்குப் பதில் −π/2 கட்டத்தோடு கூடிய எஸ்ஸைப் போட்டால் மெய்ப்பகுதி தானாக வந்து பள்ளத்தை நிரப்பும்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் ரோ (டி = 0-இல் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் உள்ள விகிதம்) இடிக்கும். இந்த வடிவம் 13 டிஇவியில் 0.13 தருகிறது; டோட்டம் கண்டது 0.10 அல்லது அதற்கும் கீழே. 0.272-ஐக் குறைத்தால் ரோ இறங்கும், கூடவே மொத்தமும் சரியும். புரோட்டான், எதிர்ப்புரோட்டான் மோதல்களில் எதிரெதிர்க் குறியோடு வரும் ஆடரான் என்ற உறுப்பைச் சேர்ப்பது ஒரு வழி. அதற்கான சான்றை டி0 சோதனையும் டோட்டமும் 2021-இல் சேர்ந்து வெளியிட்டன. சேர்ப்பதென்றால் எதிர்ப்புரோட்டான் தரவையும் அதே ஃபிட்டில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதன் குறியையே நிர்ணயிக்க முடியாது.